வழி கேட்டலும் வழி மறைத்தலும்: வழியட்டவணை வடிகட்டலின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியிலே கொடிகாமம் ஒரு சந்தி. கண்டி வீதி என மக்கள் வழங்கும் ஏ9 நெடுஞ்சாலை அங்கிருந்து மேற்கே சாவகச்சேரி ஊடாக யாழ்ப்பாணத்துக்கும், தென்கிழக்கே மிருசுவில், முகமாலை, பளை ஊடாக ஆனையிறவுக்கும் செல்கின்றது. வடக்கே வரணியைக் கடந்து பருத்தித்துறைக்கு ஒரு வீதி. தெற்கே கடனீரேரிக் கரையிலுள்ள கச்சாய்க்கு மற்றொரு வீதி. 1905ஆம் ஆண்டு முழுமைபெற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையும் இவ்வூரைத் தொட்டே செல்கின்றது. தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் குவியும் கொடிகாமச் சந்தை இவ்வழிகளின் விளைவே. வழிகள் கூடுமிடத்திலே பண்டங்கள் கூடுகின்றன; பண்டங்கள் கூடுமிடத்திலே வழி கேட்போரும் கூடுகின்றனர்.

வழி கேட்பவருக்கு இரண்டு வகையாக விடையளிக்கலாம். தாம் அறிந்த வழிகள் அனைத்தையும் ஒப்புவித்து, வேண்டியதைக் கேட்பவரே பொறுக்கிக்கொள்ளுமாறு விடுதல் ஒருவகை. அவர் எங்கே, எதிலே போகிறார் என்பவற்றைக் கருத்திற்கொண்டு அதற்குரியதை மாத்திரம் கூறுதல் மற்றொருவகை. இரண்டாவதிலே விடையளிப்பவர் வடிகட்டுகின்றார். வடிகட்டல் கேட்பவரின் உழைப்பைக் குறைக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், எதைக் காட்டுவது எதை விடுவது என்னும் அதிகாரத்தையும் அது விடையளிப்பவரிடம் சேர்க்கின்றது. இம்முரண்பாடு கணனிகளின் உலகிலே, குறிப்பாக லினக்ஸ் இயக்கமுறைமையின் மையநிரலான கர்னலிலே, மிகத் துல்லியமான வடிவத்தில் எழுந்து, 2018ஆம் ஆண்டளவில் ஒரு தீர்வையும் கண்டது. அவ்வரலாறு பொறியியலாளருக்கு மாத்திரம் உரியதன்று என்பதே எமது எண்ணம்.

இலக்கிய மாணவர்க்கு இப்பிரச்சினை புதியதுமன்று. பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதே இவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு. நல்லியக்கோடனைக் காணச் செல்லும் சிறுபாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன; ஒவ்வோரிடத்திலும் கிடைக்கும் உணவும் சொல்லப்படுகின்றது. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு மலைவழியின் இடர்களையும் விரித்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனக் காவலரின் கவண்கல் எங்கிருந்து வரும் என்பன போன்ற நுண்விவரங்கள் அதில் உண்டு. பாணர் முதலியோரை ஒரு சமூகப்பிரிவினராகக் கொண்டு வீரயுகக் கவிதையை ஆராய்ந்த க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்த பின்னர், இப்பாடல்களை வெறும் வருணனைகளாக எவரும் படிப்பதற்கில்லை.

நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது ஒன்றே. ஆற்றுப்படை வடிகட்டப்பட்ட விடை. பாணனுக்குச் சொல்லப்படும் வழி பாணனுக்குரியது. உப்பு வணிகனுக்கோ உழவனுக்கோ உரியதன்று. நாட்டிலே எத்தனையோ வழிகள் இருப்பினும் பாட்டிலே தெரிவது புரவலனின் வாயிலில் முடியும் வழி ஒன்றே. கொடையை நம்பி வாழ்ந்த பிரிவினரின் பொருளாதார நிலைதான் அங்கே வடிகட்டியாகத் தொழிற்பட்டது. எனினும் அவ்வடிகட்டல் மறைவானதன்று. யார் கேட்கிறார் என்பது பெரும்பாலும் பெயரிலேயும், யாரை நோக்கி ஆற்றுப்படுத்தப்படுகிறார் என்பது பாட்டிலேயும் அறிவிக்கப்பட்டுவிடுகின்றன. பொருநராற்றுப்படையைக் கையிலெடுத்தவர் அதை நாட்டின் முழு வழிநூலென மயங்க வேண்டியதில்லை.

இனிக் கணனியின் வழியட்டவணைக்கு வருவோம். வலையமைப்பிலே இணைந்த ஒவ்வொரு கணனியும் தன் கர்னலினுள்ளே ஓர் அட்டவணையை வைத்திருக்கின்றது. இன்ன முகவரித் தொகுதிக்குச் செல்லும் தரவுப் பொதியை இன்ன அயற்கணனியிடம், இன்ன வாயிலூடாக ஒப்படை என்பதே அதன் ஒவ்வொரு பதிவும் கூறுவது. முழுப்பயணத்தையும் அது அறியாது. அடுத்த அடியை மாத்திரமே அறியும். கொழும்புக்கு வழி கேட்டவரிடம் கொடிகாமச் சந்தியில் நிற்பவர் பளைப் பக்கமாகக் கையைக் காட்டுவதோடு நின்றுவிடுவதை ஒத்தது இது.

வீட்டுக் கணனி ஒன்றிலே இத்தகைய பதிவுகள் சிலவே இருக்கும். இணையத்தின் நடுவிலே நிற்கும் ரவுட்டர்களின் நிலை வேறு. உலக வழிகளின் எண்ணிக்கை 2001 அளவிலே ஏறத்தாழ ஒரு இலட்சமாக இருந்தது. 2014 ஆகஸ்ட் 12ஆம் நாள் அது 512 ஆயிரம் என்னும் எல்லையைக் கடந்தபோது, அவ்வளவுக்கே நினைவகம் ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் தடுமாறி, இணையத்தின் பல பகுதிகள் தடைப்பட்டன. 2020களிலே எண்ணிக்கை ஒன்பது இலட்சத்தையும் தாண்டிவிட்டது.

அட்டவணை கர்னலுக்குள் இருப்பதால், அதைப் பார்க்க விரும்பும் சாதாரண நிரல் கர்னலிடம் கேட்டே பெற வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் உருவான யுனிக்ஸ் மரபு 1990இலே இதற்கென ஒரு தனிவாயிலை அமைத்தது. 1993இல் வெளிவந்த 4.4பிஎஸ்டி அட்டவணை முழுவதையும் கேட்கும் முறையோடு, குறிப்பிட்ட தன்மையுடைய பதிவுகளை மாத்திரம் கேட்கும் முறை ஒன்றையும் கொண்டிருந்தது. ஆகவே வடிகட்டல் என்னும் எண்ணம் அட்டவணை பெருகிய பின்னரே தோன்றியதெனக் கொள்வது பிழை. எண்ணம் முன்னரே இருந்தது. அதை இன்றியமையாததாக்கும் பொருளியற் சூழலே பின்னர் வந்தது.

லினக்ஸிலே கதை வேறுவிதமாக நடந்தது. 1991இல் லினஸ் டோவால்ட்ஸ் தொடங்கிய அக்கர்னலில் முதலில் வழியட்டவணை ஓர் எழுத்துக்கோப்பாகவே காட்டப்பட்டது. வேண்டியவர் முழுவதையும் படித்துக்கொள்ளலாம். 1990களின் பிற்பகுதியில் அலெக்ஸி குஸ்நெட்சொவ் என்னும் ருஷ்யர் வலையமைப்புப் பகுதியைப் பெரிதும் திருத்தியமைத்தார். கர்னலும் நிரல்களும் தமக்குள் செய்தி பரிமாறும் நெட்லிங்க் என்னும் வாயில் இன்றைய வடிவைப் பெற்றது அவரது கையிலேயே. 1999 ஜனவரியில் வெளிவந்த 2.2ஆம் பதிப்பு இவற்றைப் பரவலாக்கியது. சோவியத் ஒன்றியம் சிதைந்து, அதன் விஞ்ஞான நிறுவனங்கள் வறுமையில் உழன்ற அந்த ஆண்டுகளிலே, மொஸ்கோவின் அணு ஆராய்ச்சி நிறுவனமொன்றின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து இவ்வுழைப்பு உலகுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தது. இன்றைய பெருநிறுவனங்களின் தரவு மையங்கள் அதன்மீது நிற்கின்றன. இதைக் கூறாது விட்டு ‘சுதந்திர மென்பொருளின் வெற்றி’ எனப் பொதுப்படப் பேசுவோர் உழைப்பின் வரலாற்றை மறைக்கின்றனர்.

குஸ்நெட்சொவின் அமைப்பிலே ஒரே கணனிக்குப் பல வழியட்டவணைகள் இருக்கலாம். 255 எனும் எண்ணுடையது கணனியின் சொந்த முகவரிகளுக்கு. 254 முதன்மை அட்டவணை. 253 வேறெதிலும் வழி கிடையாதபோது பார்ப்பதற்கு. ஏனையவை பயன்படுத்துவோரின் தேவைக்கு. ஆயின் கேள்வி கேட்கும் முறையிலே ஒரு விசித்திரம் இருந்தது. அவர் எழுதிய ‘ஐப்பி’ என்னும் கருவியிடம் முதன்மை அட்டவணையைக் காட்டு என்றால் அது அதை மட்டுமே காட்டும். ஆனால் திரைக்குப் பின்னாலோ கர்னல் எல்லா அட்டவணைகளின் எல்லாப் பதிவுகளையும் அள்ளிக் கொடுக்க, கருவி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து வேண்டாதவற்றை எறிந்துவிட்டு மிஞ்சியதைக் காட்டிற்று. சந்தையிலே ஒரு தேங்காய் கேட்டவரின் முற்றத்தில் வண்டிப்பாரம் முழுவதையும் இறக்கிவிட்டுப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வது போன்றது இது.

பதிவுகள் நூறோ ஆயிரமோ ஆகும்வரை இதனாற் கேடில்லை. ஒரு சாதாரண வழிப்பதிவு இச்செய்தி வடிவிலே ஏறத்தாழ அறுபது பைட்டுகளைக் கொள்ளும். பத்து இலட்சம் பதிவுகளாயின் ஆறு கோடி பைட்டுகள் துண்டு துண்டாகக் கர்னலிலிருந்து நிரலுக்குப் பிரதிசெய்யப்படல் வேண்டும். பத்துப் பதிவுகள் மட்டும் தேவைப்பட்டவருக்கும் இதே செலவு. 2010களிலே லினக்ஸையே இயக்கமுறைமையாகக் கொண்ட வலையமைப்புச் சுவிச்சுகள் விற்பனைக்கு வந்தன. ஒரே இயந்திரத்திலே பல வாடிக்கையாளருக்குத் தனித்தனி அட்டவணை வழங்கும் வசதி 2015இல், 4.3ஆம் பதிப்பிலே, கர்னலினுள் சேர்ந்தது. வாடகைக்கு விடப்பட்ட அட்டவணைகள் பெருகியதும், ஒருவரின் அட்டவணையை அறிய எல்லாருடையதையும் அள்ளிக்கொட்டும் பழைய முறை தாங்கமுடியாததாயிற்று. அக்காலத்தில் கியுமுலஸ் நெட்வேர்க்ஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஏகெர்ன் 2018 ஒக்டோபரில் இதற்கான திருத்தங்களை முன்வைத்தார். அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்த 4.20ஆம் பதிப்பில் அவை இடம்பெற்றன. எந்த அட்டவணை, எந்த வாயில், பதிவை இட்டவர் யார், வழி எவ்வகையினது என்னும் நான்கின் அடிப்படையிலே கர்னலே வடிகட்டி விடையளிக்கலாயிற்று. தேவையைத் தோற்றுவித்தது மூலதனம்; தீர்வோ பொது உரிமத்தின்கீழ் எல்லாருக்கும் உரியதாயிற்று. இம்முரண்பாட்டை ஒருபக்கச் சார்பாகத் தீர்த்துக் கூற நாம் விரும்பவில்லை.

இத்தீர்வு இத்துணை காலம் தாழ்த்தியமைக்கு ஒரு காரணம் உண்டு. ஆய்வாளர்க்கு வரலாற்றின் சுவை தெரிவது இவ்விடத்திலேதான். வழி கேட்கும் செய்திக்கென ஒரு படிவம் விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் பழைய கருவிகள் அதற்குப் பதிலாக வேறொரு பொருளுக்குரிய படிவத்தையே நெடுங்காலம் அனுப்பி வந்தன. கர்னல் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏனெனில் எல்லாப் படிவங்களுக்கும் பொதுவான முதல் பைட்டை, அதாவது முகவரி எந்த வகையினது என்பதை, மாத்திரமே அது படித்தது. எஞ்சிய கட்டங்களில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றே. அலுவலகக் கருமபீடத்திலே பிழையான படிவத்தை நிரப்பிக் கொடுத்தும், மேலேயுள்ள பெயரைப் பார்த்தே காரியம் முடிந்துவிடும் நிலையை எம்மவர் நன்கு அறிவர். திடீரென எல்லாக் கட்டங்களையும் படிக்கத் தொடங்கினால், பிழையான படிவத்தோடு இருபதாண்டு இயங்கிய நிரல்கள் ஒரே நாளில் நின்றுபோகும். இறந்தகால உழைப்பு நிகழ்காலத்தின்மீது ஏறி அமர்ந்திருப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடல் அரிது. ஆகவே ஏகெர்ன் ஒரு புதிய உடன்படிக்கையை ஏற்படுத்தினார். ‘என் கேள்வியைக் கண்டிப்பாகப் படி’ என்று கேட்பவர் முன்கூட்டியே அறிவித்தால் மாத்திரம் கர்னல் படிவம் முழுவதையும் ஆராயும். அறிவியாதவர்க்குப் பழைய ஒழுங்கே தொடரும்.

கண்டிப்பு என்னும் இச்சொல்லிலே எமது பிரச்சினையின் உள்ளீடு அடங்கியுள்ளது. முன்னர், கர்னலுக்கு விளங்காத நிபந்தனையை ஒருவர் கேட்டால் அது மறுக்கவில்லை. நிபந்தனையைப் புறக்கணித்து வேறொரு விடையைத் தந்தது. தான் கேட்டதற்கே விடை கிடைத்தது எனக் கேட்டவர் நம்பவும் இடமுண்டாயிற்று. கண்டிப்பு முறையிலோ விளங்காத நிபந்தனை வெளிப்படையாக மறுக்கப்படும். மறுப்பின் காரணத்தை ஒரு வாக்கியமாகத் திருப்பியனுப்பும் ஏற்பாடும் 2017இலேயே சேர்ந்திருந்தது. இல்லாத அட்டவணையைக் கேட்டால், அத்தகைய அட்டவணை இல்லை, பட்டியலிடல் நிறுத்தப்பட்டது என்ற விடை வரும், வெறுமை வராது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வடிகட்டிய விடையின் ஒவ்வொரு பதிவிலும் ‘இது வடிகட்டப்பட்டது’ என்னும் குறி ஒன்று இடப்படுதல். பட்டியலிடும்போதே அட்டவணை மாறிவிட்டதாயின் அதற்கும் வேறொரு குறி உண்டு. அளவிற் சிறிய இக்குறிகள் விடையளிப்பவரின் நேர்மைக்குச் சான்று. நான் தந்தது முழுமையன்று என்பதை அவை கேட்பவருக்கு உணர்த்துகின்றன.

இடையிலே ஒன்று கூறலாம். பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்துகையில் கடைப்பட்டவரோடு நெய்யரியையும் சேர்க்கின்றது. நெய்யரியாவது பன்னாடை, நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைப் பற்றிக்கொள்வது. ஆனால் நெய் ஏந்தும் கலத்தின் பக்கத்திலிருந்து நோக்கின் அதே பன்னாடை பேருபகாரி. வடிகட்டி நல்லதா கெட்டதா என்னும் வினா வடிகட்டியைப் பற்றியதன்று. அதன் எப்பக்கத்தில் எவர் நிற்கிறார் என்பதைப் பற்றியது.

வழிகளின் வகை என மேலே குறித்ததையும் சிறிது விளக்கல் வேண்டும். லினக்ஸின் அட்டவணையிலே போகவிடும் வழிகளோடு போகவிடாத ‘வழிகளும்’ பதிவுபெறுகின்றன. அவற்றுள் மூன்று கவனத்துக்குரியவை. ஒன்று, அவ்விடத்தை அடைய இயலாது என்று அனுப்பியவருக்கு அறிவிப்பது. மற்றொன்று, நிருவாக ஆணையினால் தடைசெய்யப்பட்டுள்ளது என்று அறிவிப்பது. மூன்றாவது கருந்துளை; பொதியை விழுங்கிவிட்டு அனுப்பியவருக்கு ஒன்றும் சொல்லாதது. மூன்றிலும் பொதி போய்ச் சேர்வதில்லை என்பது உண்மையே. ஆயினும் அனுப்பியவரின் நிலை மூன்றிலும் ஒன்றன்று. முதலிரண்டிலும் அவர் வேறு வழி தேடலாம், அல்லது தடைவிதித்தவர் யாரெனக் கேட்கலாம். மூன்றாவதில் அவர் காத்திருப்பார்.

குடாநாட்டு மக்கள் இம்மூன்றையும் கணனி இல்லாமலே அறிந்தவர்கள். 1990 ஜூனில் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடுண்ட நிலையிலே, கொடிகாமத்திலிருந்து தொலைவில்லாத கிளாலியின் கடனீரேரியை இரவிலே படகில் கடப்பதே வெளியேறும் வழியாயிற்று. எந்த உத்தியோகபூர்வ அட்டவணையிலும் இல்லாத வழி அது. 1993 ஜனவரியில் அந்நீரிலே பயணிகள் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் மக்கள் சென்றனர். வெளியேற விடுதலைப் புலிகளின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1996க்குப் பின்னர் குடாநாட்டை விட்டுச் செல்ல இராணுவத்தின் அனுமதி வேண்டும். எதிரெதிரான இரண்டு அதிகாரங்கள் வழிமீது ஒரே வகையான ஆட்சியைச் செலுத்தின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவர்களுக்குக் காட்டப்பட்ட திசை ஒன்றே. 2002 ஏப்ரிலில் திறந்த ஏ9, 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையிலே மீண்டும் மூடுண்டது. 2009இன் பிற்பகுதி தொடக்கம் அது படிப்படியாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. 2014 ஒக்டோபர் 13இல் பளையிலிருந்து யாழ்ப்பாணம் வரையான பாதையும் திறக்கப்பட, கொடிகாமத்துக்குப் புகையிரதம் திரும்பியது.

தடை இருந்ததென்பது எவருக்கும் தெரியும். அதை மீண்டும் கூறுவதற்காக இதை எழுதவில்லை. வழி மூடியுள்ளது என்று அறிவித்த தடை வேறு, விண்ணப்பம் எங்கே போயிற்று என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருக்கச் செய்த தடை வேறு. முதலாவதை எதிர்த்து வாதிட முடியும், மனுவெழுத முடியும். இரண்டாவதிலே எதிர்ப்பதற்கு ஒரு வாக்கியங்கூட எஞ்சுவதில்லை. எமது பிரதேசத்தின் போர்க்கால எழுத்துகளிலே காத்திருத்தல் இத்துணை பெரிய இடத்தைப் பெற்றமைக்குக் காரணத்தைத் தனிமனித உளவியலிலே தேடுவதினும், விடையளிக்காத அதிகாரத்தின் இயல்பிலே தேடுவது பொருத்தமானது. காரணத்தோடு மறுக்கப்பட்ட பாத்திரம் கோபங்கொள்ளும். விடையே கிடையாத பாத்திரம் கடிதத்தை மீண்டும் மீண்டும் படிக்கும்.

இவ்வனுபவத்தோடு மீண்டும் கர்னலை நோக்கின், 2018இன் சீர்திருத்தத்தை மதிக்கும் அதே வேளையில் அதன் எல்லையையும் காண்கிறோம். லினக்ஸிலே வழியட்டவணையைப் படிக்கச் சிறப்புரிமை வேண்டியதில்லை; எந்தச் சாதாரண நிரலும் கேட்கலாம். மாற்றும் உரிமையோ நிருவாக அதிகாரம் பெற்றவர்க்கு மாத்திரமே. கேள்வியின் சனநாயகம் இருக்கின்றது. வழியின் சனநாயகம் இல்லை. வடிகட்டலின் விதிகளும் கேட்பவர் விரும்பித் தெரிந்துகொண்டவை. ஆகவேதான் வடிகட்டியதைக் குறியிட்டு ஒப்புக்கொள்வதிலே கர்னலுக்கு இடரில்லை.

மற்றொரு வகை உண்டு. 2008 தொடக்கம் லினக்ஸிலே வளர்ந்த பெயர்வெளி என்னும் ஏற்பாட்டின்படி, ஒரே கணனியின் நிரல்கள் தனித்தனி வலையமைப்பு உலகங்களிலே அடைக்கப்படலாம். இன்று கொள்கலன்கள் என்ற பெயரில் முகில் சேவை நிறுவனங்கள் வாடகைக்கு விடுபவற்றின் அடித்தளம் இதுவே. ஒவ்வொரு உலகுக்கும் தனி வழியட்டவணை. உள்ளேயிருக்கும் நிரல் எல்லா வழிகளையும் காட்டு எனக் கேட்டால் தன் உலகின் வழிகளே விடையாக வரும். அயலுலகின் பதிவொன்றும் வராது. பாதுகாப்புக் காரணங்களால் இது தேவையானதென்பதை நாம் மறுக்கவில்லை. வாடகைக்கிருப்பவர் ஒருவரின் வழிகளை இன்னொருவர் பார்த்தல் முறையுமன்று. எனினும் அந்நிரல் எந்த நிபந்தனையையும் விதிக்கவில்லை. ஆகவே கர்னலின் நோக்கிலே அங்கு வடிகட்டல் எதுவும் நிகழவில்லை. முழு அட்டவணை எனக் கொடுக்கப்படும் அவ்விடையிலே வடிகட்டப்பட்டது என்னும் குறி இடப்படுவதில்லை.